மேசைக்கு ஓடர் பண்ணுங்க, ஆளாளுக்கு இல்ல: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, நான் தோஹாவில ஒரு அர்ஜென்டினா ரெஸ்டோரன்ட்ல ஆறு வருசம் நெருப்படியில நிண்டு இறைச்சி சுட்ட கதைய ரெண்டு பந்தி எழுதினன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கேள்வி எல்லாம் அந்தச் சாப்பாட்டச் சுத்தித்தான் இருக்கு. கல்லடி, காத்தான்குடி, வாழைச்சேனை, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று எண்டு எல்லாப் பக்கத்தாலயும் எழுதியிருக்கீங்க, சந்தோசம். முதல் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்லப் போறன், பொறுத்துக்கொள்ளுங்க.

கேள்வி (கல்லடி வாசகர், லீவுல வந்து நிக்கிறவர்): நாங்க ஒன்பது பேர் ஒரே பள்ளிக்கூடத்தில ஏ.எல். படிச்சவங்க, இப்ப எல்லாரும் தோஹாவில வேலை. ஒரு கூட்டாளி வேலைய முடிச்சிட்டு ஊருக்கே திரும்பிப் போறார் எண்டு அவருக்காக ஒரு அர்ஜென்டினா ரெஸ்டோரன்ட்டுக்குப் போனம், இடத்தத் தெரிவு செஞ்சது எங்கட குறூப்ல இருக்கிற மெசி பைத்தியம். ஆளுக்கொரு ஸ்டேக், நடுவுல பெரிய மிக்ஸ் கிரில் எண்டு ஓடர் பண்ணினம். ரெண்டு பேர் மாடு சாப்பிட மாட்டாங்க, அவங்க கோழி எடுத்தாங்க. ஒருத்தர் முழுச் சைவம், அவர் சலாட்டும் உருளக்கிழங்குப் பொரியலும் சாப்பிட்டிட்டு சோடா குடிச்சார். இன்னொருத்தருக்கு மூண்டு மாசமாச் சம்பளம் வரல்ல எண்டு பிறகுதான் தெரியும். பில் வந்த உடன ஒன்பதால பிரிச்சு எல்லாரும் ஒரே கணக்குக் குடுத்தம், ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. அடுத்த நாள் விடிய அந்தச் சைவக் கூட்டாளி வட்ஸ்அப் குறூப்ப விட்டு வெளிய போயிட்டார். இப்ப குறூப்ல ஒரு சத்தமும் இல்ல. பிழை எங்க, இனி எப்பிடிக் கதைக்கிறது?

பதில்: தம்பி, எல்லாரும் பில்லுலதான் பிழை எண்டு நினைப்பாங்க. எனக்கெண்டா பிழை ஓடருல. பில் வரக்குள்ள எல்லாம் நடந்து முடிஞ்சிட்டு.

அர்ஜென்டினாக்காரங்கட இறைச்சிக் கடைக்கு ‘பர்ரீஷா’ எண்டு பேர், இறைச்சி வாட்டுற அந்த இரும்பு அடுக்குக்கும் அதே பேர்தான். அங்க ஆளுக்கொரு கோப்பை வச்சு அவனவன்ட இறைச்சிய அவனவன் வெட்டிச் சாப்பிடுறத நான் கண்டது குறைவு. சாப்பாடு மேசைக்கு வரும், ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வரும். முதல்ல எம்பனாடா, எங்கட பற்றிஸ் மாதிரி. பிறகு புரொவொலேத்தா எண்டு ஒரு சீஸ். பிறகு சொசேஜ், குடல், ஈரல் வகை. கடைசியிலதான் பெரிய இறைச்சி, அதையும் பலகையில வெட்டி நடுவுலதான் வைப்பாங்க. இப்பிடி வந்தா முதல் ஒரு மணித்தியாலம் மாடு சாப்பிடாதவரும் சைவக்காரரும் மத்தவங்களோட ஒண்டாக் கை நீட்டிச் சாப்பிடலாம். நீங்க ஆளுக்கொரு ஸ்டேக் எண்டு சொன்ன அந்த நிமிசத்திலயே அந்தக் கூட்டாளி மேசையில தனியாப் போயிட்டார்.

அந்தப் புரொவொலேத்தாவப் பத்திச் சொல்லணும். உள்ளங்கை அகலத்தில, விரல் மொத்தத்தில ஒரு சீஸ் வட்டம், அத கனமான சின்ன இரும்புச் சட்டியில போட்டு நெருப்புல வைப்பம். அடிப்பக்கம் முறுகி மண்ணிறமா வரும், நடுவுல கொதிச்சு இளகி நிக்கும், மேல காஞ்ச ஒரேகானோ இலையும் இடிச்ச மிளகாயும் தூவிச் சட்டியோட மேசைக்கு அனுப்புவம். ரெண்டு மூண்டு நிமிசத்துக்குள்ள பாணால கிள்ளி எடுத்துரணும், ஆறினா இறுகிரும், அதால சட்டி வந்து இறங்கின உடன மேசையில இருக்கிற எல்லாக் கையும் ஒரே நேரம் உள்ள போகும். அதுல இறைச்சி ஒரு துளியும் இல்ல. ஒண்டு மட்டும், சீஸ் உறைய வைக்கிற பொருள் சில நேரம் கண்டுக்குட்டிட வயித்துல இருந்து எடுக்கிறது, கடுஞ் சைவக்காரர் எண்டா அதையும் கேட்டிட்டுத்தான் குடுக்கணும். உருளக்கிழங்க விட எவ்வளவோ இருக்கு அந்த மெனுவில. உமீத்தா எண்டு சோளத்த அரைச்சு அந்தச் சோள மடலுக்குள்ளயே கட்டி அவிக்கிறது, சுட்ட கறிமிளகாய், கீரை எம்பனாடா, சீஸும் வெங்காயமும் வச்ச எம்பனாடா, உருளக்கிழங்கு மாவில செய்யிற நியோக்கி. நியோக்கிய ஒவ்வொரு மாசமும் 29ம் திகதி கோப்பைக்குக் கீழ காசு வச்சிட்டுச் சாப்பிடுவாங்க, கைக்குக் காசு வரும் எண்டு நம்பிக்கை. மெனுவ ஒருத்தர் வாசிச்சு அவருக்கு எடுத்துச் சொல்லியிருந்தாலே காணும்.

எனக்கு இதுல ஏன் இவ்வளவு மனசு போகுது எண்டா, நானும் இதே பிழைய விட்டிருக்கன். ஒரு கூட்டாளிட பிறந்தநாளுக்கு எங்கட ரூம் ஆக்கள் எல்லாரையும் நான் வேலை செய்த இடத்துக்கே கூட்டிப் போனன், மெனு தெரிஞ்ச ஆள் நான் எண்டு நானே எல்லாத்தையும் ஓடர் பண்ணினன். அண்டைக்கு வெள்ளிக்கிழமை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பொடியன் ஒருத்தன் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டான், அது எனக்கு வடிவாத் தெரியும், தெரிஞ்சும் அந்த நேரம் ஞாபகம் வரல்ல. அவன் ஒண்டும் சொல்லாம பாண் கூடைய தன்ர பக்கம் இழுத்து வச்சிக்கொண்டு, பாணப் பிச்சு எண்ணெயில தொட்டுத் தொட்டுத் திண்டு முடிச்சான், எல்லாரோடயும் சிரிச்சுக் கதைச்சான், பில்லுக்கும் காசு குடுத்தான். எழும்பிப் போகக்குள்ள அவன்ட கோப்பையப் பாத்தன், பாண் தூள் மட்டும்தான் கிடந்திச்சு, கத்தியும் முள்ளுக்கரண்டியும் வச்ச இடத்திலயே கிடந்திச்சு. அடுத்த கிழமை அவன்ட ரூமுக்குப் போய் நானே பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சமைச்சு ரெண்டு பேரும் இருந்து சாப்பிட்டம். ‘உன்ன மறந்து ஓடர் பண்ணிட்டன் மச்சான்’ எண்டு சொன்னன். ‘மறந்ததுதான் எனக்கும் கவலை, காசுக்காக இல்ல’ எண்டான்.

அதால உங்களுக்கு நான் சொல்றது, குறூப்ல எழுதாதீங்க, அவரத் திருப்பி ஏட் பண்ணவும் அவசரப்படாதீங்க. ரெண்டு பேர் நேரில போங்க, இடத்தத் தெரிவு செஞ்சவர் கட்டாயம் ஒராள். காசக் கையில திணிச்சா இன்னும் நோகும், முதல்ல மறந்தம் எண்டு சொல்லுங்க, கூட்டிட்டுப் போய் அவர் சொல்ற கடையில சாப்பாடு எடுத்துக் குடுங்க. சம்பளம் வராதவர்ட விசயம் இத விடப் பெருசு, மூண்டு மாசம் சம்பளமில்லாத ஆள் ஒரு ஸ்டேக் காசக் கட்டியிருக்கார். அவர்ட கையில என்ன இருக்கு, வீட்ட என்ன அனுப்பினார் எண்டு யாராவது ஒராள் தனியாக் கேளுங்க, நாலு பேருக்கு முன்னால வேணாம்.

இன்னொண்டு, உங்கட கடிதத்த ரெண்டாந்தரம் வாசிக்கக்குள்ளதான் பிடிபட்டுது. நீங்க ஒன்பது பேர், பில்ல ஒன்பதால பிரிச்சிருக்கீங்க. அப்ப ஊருக்குத் திரும்பிப் போற அந்தக் கூட்டாளிட்டயும் காசு வாங்கியிருக்கீங்க! வழியனுப்புற விருந்துல அவர்ட்ட காசு வாங்குறது எங்கட ஊர்ல எங்க தம்பி இருக்கு? அவர் விமானம் ஏற முதல் அதச் சரிபண்ணுங்க, ஏறிட்டாரெண்டா நீங்க லீவு முடிஞ்சு போக முந்தி அவர்ட வீட்ட ஒருக்காப் போங்க.

இனி இப்பிடிப் போறதெண்டா, மெனுவ முன்னாடியே குறூப்ல போடுங்க, ஆகக் குறைவாச் சாப்பிடுறவர் என்ன எடுப்பார் எண்டு முதல்ல கேளுங்க, அவர் சொன்னதுல ரெண்டு மூண்ட மேசைக்கு நடுவுல எல்லாருக்குமா எடுங்க. அங்க ஆளுக்கு அரைக் கிலோ இறைச்சி எண்டு கணக்குச் சொல்லுவாங்க, அது பச்சை இறைச்சி, எலும்போட, அதுவும் அவங்கட வயித்துக்கு. ஒரு ஸ்டேக்கே 400 கிராம் வரும். உங்கள்ல மாடு சாப்பிடுற ஆறு பேருக்கு நாலு துண்டு தாராளம். நடுவுல வச்சத எல்லாரும் பிரிங்க, இறைச்சிய இறைச்சி சாப்பிட்டவங்க பிரிங்க. கொழும்புல போறவங்களுக்கும் சொல்றன், மெனு விலைக்கு மேல 10 வீதம் சேவிஸ் சார்ஜும் 18 வீதம் வட் வரியும் போடுற இடம் எண்டா, கால்வாசிக்கு மேல கூடித்தான் பில் வரும், அத முதல்லயே எல்லாருக்கும் சொல்லிருங்க.

கேள்வி (காத்தான்குடி வாசகர்): ஸ்டேக் வெட்டக்குள்ள சிவப்பாத் தண்ணி வருது. அது இரத்தமா? எங்கட ஆக்கள் சாப்பிடலாமா?

பதில்: அது இரத்தம் இல்ல நானா. அறுத்த உடன இரத்தம் வடிஞ்சிரும். சிவப்பா வாறது தசைக்குள்ள இருக்கிற தண்ணியும் மயோகுளோபின் எண்ட புரதமும்தான், சூடு ஏற ஏற அது மண்ணிறமா மாறும். ஆனா மெனுவில நீங்க கவனிக்க வேண்டியது வேற ரெண்டு சாமான். ‘மொர்சீஷா’ எண்டு கறுப்புச் சொசேஜ் ஒண்டு இருக்கு, அது இரத்தத்தாலயே செய்யிறது. ‘சொரீசோ’ எண்ட சொசேஜில அங்க வழமையாப் பன்றி இறைச்சி கலப்பாங்க. இதுல ஒரு குழப்பமும் இருக்கு, ‘பிஃபே தெ சொரீசோ’ எண்டு ஸ்டேக் ஒண்டு இருக்கு, பேர்ல சொரீசோ இருந்தாலும் அது சுத்த மாட்டிறைச்சித் துண்டு, சொசேஜ் இல்ல. தோஹாவில நாங்க சொரீசோவையும் மாட்டுலதான் செய்தம். வேற நாட்டுல எண்டா இறைச்சி ஹலாலா, பன்றியையும் இதே அடுக்குலதான் சுடுறீங்களா எண்டு ரெண்டையும் கேட்டிட்டு உக்காருங்க. கேக்க வெக்கப்பட வேணாம், நல்ல கடையெண்டா கோவிக்க மாட்டான்.

கேள்வி (கல்முனை வாசகி): எனக்கு நல்லா வெந்திருந்தாத்தான் இறங்கும், ஆனா அப்பிடிக் கேட்டா ரப்பர் மாதிரி வருது.

பதில்: துண்டு பிழை. லோமோ எண்ட கொழுப்பில்லாத துண்டக் கூட நேரம் வாட்டினா வறண்டுதான் போகும். நீங்க ‘வசீயோ’ எண்டு சொல்ற வயித்துப் பக்கத்துத் துண்டு, இல்லாட்டி ‘அசாடோ’ எண்டு சொல்ற விலா எலும்பு கேளுங்க, அது ரெண்டும் கொழுப்போட மெல்லமா மணிக்கணக்குல வேகிறது, நல்லா வெந்தாலும் மெதுவா இருக்கும். ‘பியென் கொசீதோ’ எண்டா நல்லா வெந்தது. அங்கயும் நிறையப் பேர் அப்பிடித்தான் கேட்டுச் சாப்பிடுவாங்க.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகி): ஸ்டேக்கோட வைக்கிற அந்தச் சிமிச்சுரிச் சோஸ எங்கட சாமான்ல செய்யலாமா?

பதில்: செய்யலாம் தங்கச்சி, ஆனா ஒரு விசயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டன், அத கிரைண்டர்ல அடிக்காதீங்க. கத்தியால அரியணும். பார்ஸ்லி இலை, உள்ளி, காஞ்ச ஒரேகானோ, கொரகொரப்பா இடிச்ச செத்தல் மிளகாய், உப்பு, வினாகிரி, எண்ணெய், அவ்வளவுதான். எங்கட கடைப் பெரிய குக் அர்ஜென்டினாவில கோர்டோபா பக்கத்து ஆள், அவர் முதல்ல உப்பக் கொஞ்சம் சுடுதண்ணியில கரைச்சு ஆறவச்சு அதுலதான் மிளகாயையும் ஒரேகானோவையும் ஊறப் போடுவார், பிறகுதான் மத்ததெல்லாம், எண்ணெய் கடைசியில. போத்தல்ல ஊத்தி ஒரு நாள் வச்சா உள்ளிட காரம் அடங்கும். எங்கட தென்னை வினாகிரி நல்லாப் பொருந்தும், நான் இஞ்ச வந்து அதுலதான் செய்யிறன். பார்ஸ்லிக்குப் பதிலா மல்லி இலை போட்டா ருசியா இருக்கும், ஆனா அது சிமிச்சுரி இல்ல, மல்லிச் சம்பல். இறைச்சியில பூசி ஊறவைக்கிற வேலையும் வேணாம், சுடுற இறைச்சிக்குக் கல்லுப்பு மட்டும், இது சம்பல் மாதிரி பக்கத்துல இருக்கட்டும், வேண்டியவங்க போட்டுக்கொள்ளட்டும். சம்பல் வச்ச மேசைதானே எங்களுக்கும் பழக்கம்.

கேள்வி (மட்டக்களப்பு நகர் வாசகி): எம்பனாடாவும் பற்றிஸும் ஒண்டா?

பதில்: பாக்க ஒண்டு மாதிரிதான், ருசி வேற. பற்றிஸ நாங்க எண்ணெயில பொரிக்கிறம், எம்பனாடாவ போறணையிலயும் வேக வைப்பாங்க, பொரிக்கவும் செய்வாங்க. அர்ஜென்டினாவில சால்ட்டா பக்கத்துல உருளக்கிழங்கு போடுவாங்க, துக்குமான் ஆக்கள் உருளக்கிழங்கு போட்டா ஒத்துக்கொள்ள மாட்டாங்க, இறைச்சியக் கத்தியால சின்னச் சின்னதா வெட்டித்தான் போடணும் அவங்களுக்கு. எனக்குப் பிடிச்சது அந்த ஓர மடிப்பு. ‘ரெபுல்கே’ எண்டு சொல்லுவாங்க, பெருவிரலாலயும் சுட்டுவிரலாலயும் ஓரத்தக் கிள்ளி மடிச்சு கயிறு திரிச்ச மாதிரி கொண்டு போறது. மாட்டுக்கு ஒரு மடிப்பு, கோழிக்கு ஒரு மடிப்பு, கீரைக்கு ஒரு மடிப்பு, சீஸுக்கு இன்னொண்டு. தட்டுல இருபது கலந்து வந்தாலும் மடிப்பப் பாத்து எதுக்குள்ள என்ன எண்டு சொல்லிரலாம். உங்கட மேசையில சைவக்காரர் இருந்தா வெயிட்டரிட்ட எந்த மடிப்பு கீரை எண்டு கேட்டு அவருக்குக் காட்டுங்க, பயமில்லாம எடுப்பார்.

கேள்வி (சம்மாந்துறை வாசகர்): சாப்பிட்டு முடிஞ்சும் அந்த ஆக்கள் எழும்பாம இரிக்காங்களாமே, வெயிட்டர் பில்லும் கொண்டு வர மாட்டானாமே, மெய்யா?

பதில்: மெய்தான். ராச்சாப்பாட்டுக்கு வாறதே ஒன்பது, பத்து மணிக்கு. சாப்பிட்டு முடிய மேசையிலயே இருந்து கதைக்கிறதுக்கு ‘சோப்ரெமேசா’ எண்டு தனிப் பேரே வச்சிருக்காங்க. அவங்க கேக்காம நாங்க பில் வைக்கக் கூடாது, வச்சா எழும்பிப் போகச் சொன்ன மாதிரி. அந்த நேரத்துலதான் இனிப்பு வரும், ‘துல்சே தெ லெச்சே’ எண்டு பாலையும் சீனியையும் கிண்டிக் கிண்டி வத்த வச்சது. மில்க் டொபிக்குக் கிண்டக்குள்ள, தட்டுல ஊத்த முன்னம் கரண்டியில ஒட்டிக்கொண்டு இருக்குமே, அந்தப் பதம், அந்த நிறம்.

வீட்டுல எண்டா ‘மாத்தே’ குடிப்பாங்க. ஒரு குடுவைக்குள்ள இலைத்தூள், ஒரு இரும்புக் குழாய், ஒராள்தான் சுடுதண்ணி ஊத்துவார், ஊத்தி ஒராளிட்ட குடுப்பார், அவர் முழுக்கக் குடிச்சிட்டுத் திருப்பிக் குடுக்கணும், பிறகு அடுத்த ஆள், அதே குடுவை, அதே குழாய். ‘கிராசியாஸ்’ எண்டு நன்றி சொன்னீங்களோ, எனக்கு இனிப் போதும் எண்டு அர்த்தம், அடுத்த வட்டத்துல உங்களுக்கு வராது. எனக்கு முதல் நாள் அது தெரியாது, முதல் வாய் குடிச்ச உடன மரியாதையா நன்றி சொன்னன், அதோட குடுவை என்னத் தாண்டித் தாண்டிப் போயிற்று. கூட வேலை செய்த சிரியாக்காரர்தான் விளங்கப்படுத்தினவர், அவங்கட நாட்டுலயும் மாத்தே நல்லாக் குடிப்பாங்க, அர்ஜென்டினாவுக்குப் போய்த் திரும்பி வந்த சனம் கொண்டு வந்த பழக்கமாம். 2022 உலகக் கிண்ணத்துக்கு அர்ஜென்டினா அணியும் மாத்தே இலையோடதான் கத்தார் வந்தது. டிசம்பர் 18 பைனல், 3க்கு 3, பிறகு பெனால்டியில 4க்கு 2, அண்டைக்கு ராத்திரி எங்கட கடையில ஒருத்தரும் பில் கேக்கவும் இல்ல, நாங்க வைக்கவும் இல்ல.

கேள்வி (வாழைச்சேனை வாசகர்): பெருநாள் லீவுக்குக் கூட்டாளிமார் எல்லாரும் ஊருக்கு வாறாங்க. கடற்கரையில அர்ஜென்டினாக்காரங்கட அசாடோ (எல்லாரும் கூடி நெருப்புல சுட்டுச் சாப்பிடுறது, அதுக்கும் இதே பேர்தான்) மாதிரி போட்டா என்ன?

பதில்: போடுங்க, ஆனா எங்கட ஊர் மாட்டிறைச்சிய அவங்கட மாதிரி பெரிய துண்டாச் சுடப் போகாதீங்க. அவங்கட மாடு இறைச்சிக்கெண்டே வளக்கிற அங்கஸ், ஹியர்போர்ட் இனம், பம்பாஸ் புல்வெளியில மேஞ்சு கொழுப்புப் பிடிச்சது. எங்கட பட்டி மாடு பாலுக்கும் தயிருக்கும் நிக்கிறது, வயலும் காடும் நடந்து திரியிறது, அந்த இறைச்சி கறிக்குத்தான் சரி. எனக்குப் பிடிச்ச வழி மீன். அர்ஜென்டினாவிலயும் பரனா ஆத்தங்கரை ஆக்கள் ஆத்து மீனப் பிளந்து விரிச்சு இதே அடுக்குலதான் சுடுவாங்க. வாவிக் கொடுவா நல்லதா ரெண்டு கிடைச்சா விடாதீங்க. செதில் எடுக்காம, முதுகால பிளந்து விரிச்சு, கல்லுப்புத் தூவி, தோல் பக்கம் கீழ இருக்க வைங்க. செதிலும் தோலும்தான் சட்டி மாதிரி மீனத் தாங்கும், புரட்டத் தேவையில்ல, மேல்பக்கம் வெள்ளையா மாறினா சரி. கோழியெண்டா எலும்புப் பக்கம் முதல்ல நெருப்பப் பாக்கட்டும், கூட நேரம் அந்தப் பக்கம்தான், தோல் பக்கம் கடைசியில. கோழிய மட்டும் உள்ளுக்கு முழுசா வேக விடுங்க. கோழியும் மீனும் எண்டா மாடு சாப்பிடாதவங்களும் உக்காருவாங்க. சைவக்காரருக்குச் சோளம், கறிமிளகாய், கத்தரிக்காய், அதுக்கு அடுக்குல ஒரு மூலைய முதல்லயே ஒதுக்கி வைங்க, இறைச்சி பட்ட இடத்துல பிறகு வைக்காதீங்க.

சுவாலையில சுடாதீங்க, தணல்ல சுடுங்க. விறக ஒரு பக்கத்துல எரிச்சு, தணல் விழ விழ மண்வெட்டியால அடுக்குக்குக் கீழ இழுத்துப் போடணும். சிரட்டைக் கரி நல்ல சூடு, ஆனா கெதியா அடங்கிரும், கையோட கூட ஒரு சாக்கு இருக்கட்டும். கடற்காத்துக்கு ஓலைத்தட்டி ஒண்டு கட்டுங்க. உள்ளங்கைய அடுக்குக்கு நேர மேல பிடிச்சு எண்ணுங்க, ஆறு ஏழு எண்ணுமட்டும் தாங்கினா மீனுக்குச் சரியான சூடு, மூண்டு எண்ண முந்திக் கைய இழுத்தா தணலக் கொஞ்சம் விலக்குங்க. அங்க சுட்டு முடிஞ்ச உடன நெருப்படியில நிண்டவருக்கு மேசையில இருக்கிற எல்லாரும் கை தட்டுவாங்க, அது வழக்கம். உங்கள்ல யார் நிக்கப் போறீங்களோ, அவருக்கு முதல்ல ஒரு துண்டு எடுத்து வச்சிட்டுத் தட்டுங்க, நெருப்படியில நிக்கிறவனுக்குத்தான் எப்பவும் கடைசியில ஒண்டும் மிஞ்சாது.